எந்த வருடத்து வண்டி?

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு வேப்ப மரம், அதனடியில் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன தரை, ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். அதன் உரிமையாளரை அப்பகுதியில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். புதிதாக அங்கே வருகிற எவரும் முதலில் தம் வண்டியின் பெயரைத்தான் சொல்வார்கள். சிலர் சற்றுப் பெருமிதத்தோடு சொல்வதும் உண்டு. அண்ணாச்சி அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "பேரு கெடக்கட்டும் சார். எந்த வருசத்து வண்டி?" என்பார். எளிய கேள்விதான். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்குவதற்குள் ஓர் உறவில் மூன்றாண்டுக் கசப்பு சேர்ந்துவிட்டது. இத்தனைக்கும் தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் எனக்கு அது அந்நியமான கேள்வி அன்று.

கோவில்பட்டியில் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் 2006-இல் ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினார். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பின்னால் பெயர் சொல்லிக் குறிப்பிடப்போகும் வண்டிகள் எவையும் அது அன்று என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அத்தான் அந்த வண்டியைப் பற்றிப் பேசுவதே தனி அழகு. "ஏழு வருசமா ஓட்டுதேன் மாப்ளே. பெட்ரோல் ஊத்துனதத் தவிர தனியா ஒரு செலவு வச்சதில்ல" என்பார். மிகையன்று, நானே பார்த்திருக்கிறேன். எனவே 2013-இல் எனக்கொரு கார் தேவைப்பட்டபோது, அதே பெயருள்ள வண்டியைத்தான் தேடினேன். அப்பாவும், "அத்தானே சொல்லுதாரு, வேற என்ன யோசனை?" என்றார்.

தரகர் ஒருவர் மூலம் வண்டி கிடைத்தது. அதே பெயர், அதே வெளித்தோற்றம், நிறம்கூட ஏறக்குறைய அதே நிறம். அத்தானின் வண்டிக்கு மூன்றாண்டு மூத்தது, 2003-இல் தயாரானது. "மொதல் வருசம் வந்த வண்டி சார், அதான் வெல கம்மி" என்று தரகர் சொன்னார். அவர் மறைக்கவில்லை. கேட்ட நான்தான் அதை ஆதாயக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்.

அவ்வாண்டு டிசம்பரில் அக்கா வீட்டில் தங்கியிருந்த அப்பாவுக்கு இரவு பத்து மணியளவில் நெஞ்சு வலி கண்டது. உள்ளூர் மருத்துவர் முதலுதவி செய்துவிட்டு, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போகச் சொன்னார். அத்தான் தம் வண்டியோடு வெளியூர் போயிருந்தார். அன்று நான் அங்கே இருந்தேன். 108-க்குச் சொல்லிக் காத்திருப்பதைவிட நம் வண்டியிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தவன் நான்தான். கயத்தாறு தாண்டியதும் வெப்பநிலை முள் மெல்ல மேலேறத் தொடங்கியது. அடுத்த சில நிமிடங்களில் பானெட்டின் விளிம்பிலிருந்து ஆவி கிளம்பியது. நாற்கரச் சாலையின் ஓரத்தில், இருட்டில், பின்னிருக்கையில் அக்காவின் தோளில் சாய்ந்திருந்த அப்பாவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி நான் கைகாட்டிக்கொண்டு நின்றேன். பூ மூட்டை ஏற்றிய வேன் ஒன்று நின்றது. மூட்டைகளை ஒதுக்கி அப்பாவைப் படுக்க வைத்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். அன்று முதல் மல்லிகை மணம் எனக்கு வேறொன்றாகிவிட்டது.

மனிதன் தன் தவற்றைத் தானே சுமக்க விரும்புவதில்லை. என் மனம் அத்தானைத் தேர்ந்தெடுத்தது. அவர் சொல்லித்தானே வாங்கினேன்? ஒரு செலவும் வைக்காது என்று சொன்னாரே? ஒருநாள் அக்கா முன்னிலையில், "நீங்க சொன்னத நம்பினேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு விசேஷ வீடுகளில் "வாங்க", "சாப்பிட்டாச்சா" என்பதோடு பேச்சு நின்றது. அவர் பொய் சொல்லிவிட்டதாக நான் எண்ணினேன். வண்டியை நான் சரியாகப் பராமரிக்கவில்லை என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். இடையில் அப்பா இருவரிடமும் தனித்தனியே மன்னிப்புக் கேட்பவர்போல் நடந்துகொண்டார்.

இந்த இடைவெளியில் வண்டியும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் ரேடியேட்டரை மாற்றினார். இன்னொருவர் ரப்பர் குழாய்களை மாற்றினார். ஹெட் கேஸ்கட் ஒருமுறை போயிற்று. 2016-இல் மூன்றாம் முறையாகக் கூலன்ட் ஒழுகியபோதுதான் சக ஆசிரியர் ஒருவர் அண்ணாச்சியிடம் அனுப்பினார். நான் பெயரைச் சொன்னேன். அவர் வருடத்தைக் கேட்டார். சொன்னதும், ஒழுக்கு எங்கே என்று தேடக்கூட இல்லை. நேராக எஞ்சினின் பக்கவாட்டில் கைவிட்டு ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் சிறிய கூடு. அதில் மயிரிழை போன்றதொரு விரிசல்.

"மொதல் ரெண்டு வருசம் வந்த வண்டிக்கெல்லாம் இது பிளாஸ்டிக்கு சார். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வெடிச்சிரும். எஞ்சின் ஆறுனதும் விரிசல் மூடிக்கிடும், அதனால கண்ணுக்குத் தெரியாது. மூணாவது வருசம் அவங்களே அலுமினியத்துக்கு மாத்திட்டாங்க."

"என் அத்தான் வண்டி 2006" என்றேன்.

"அப்ப அதுல அலுமினியம். அது எப்படி நிக்கும்?"

எனக்குள் ஓர் எதிர்வாதம் எழுந்தது. என் வண்டி மூத்தது. வயதானால் பழுது வரத்தானே செய்யும்? ஆனால் கணக்குப் பார்த்தால் அது நிற்கவில்லை. கயத்தாற்றில் நின்றபோது என் வண்டிக்கு வயது பத்து. அத்தானின் வண்டிக்கு அந்த 2016-இல் வயது பத்து. அது ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை. வயது வேறு, பிறந்த ஆண்டு வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம்.

அன்று முதல் இதைப்பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். ஒரே பெயரில் பல ஆண்டுகள் தயாராகும் சிறு கார்களின் வரலாறு, ஒருவகையில் திருத்தங்களின் வரலாறுதான் என்று அப்போது தெரிந்தது. நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு டாடா இண்டிகா. 1998 ஜனவரியில் தில்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, அவ்வாண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பதிவு செய்தார்கள். ஆனால் முதல் வண்டிகளை எடுத்தவர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. நிறுவனம் அவற்றைக் கேட்டுக்கொண்டது. உறுப்புகளை மாற்றிக் கொடுத்தது. வடிவமைப்பைத் திருத்தி 2001-இல் வி2 என்ற அடைமொழியோடு வண்டியை மீண்டும் கொண்டுவந்தது. பின்னாளில் நம் ஊர்களின் கால் டாக்சிகளில் ஓயாமல் ஓடித் தேய்ந்தது அந்தத் திருத்தப்பட்ட இண்டிகாதான். 1999-இல் வாங்கியவரும் 2003-இல் வாங்கியவரும் ஒரே பெயரைச் சொல்லி எதிரெதிராகச் சாட்சி சொன்னால், இருவருமே உண்மை பேசுகிறவர்களாக இருக்கலாம்.

இங்கே திருத்தம் பெயரிலேயே தெரிகிறது. எல்லா வண்டிகளும் அப்படி வெளிப்படையாக இருப்பதில்லை. மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பர் 14 அன்று தில்லியில் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்ததிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரை முப்பதாண்டுகள் ஒரே பெயர், 796 சி.சி. என்ற எஞ்சின் கொள்ளளவும் ஒன்றே. ஆனால் 1986-இல் உடலமைப்பே மாறிவிட்டது. 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாகி, ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாசு விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் போய், எம்.பி.எஃப்.ஐ. என்னும் மின்னணு எரிபொருள் அமைப்பு வந்தது. இவற்றுள் எது நம்பகமானது என்று அண்ணாச்சியிடம் கேட்டால் நேரான விடை கிடைக்காது. கார்புரேட்டர் அடிக்கடி மக்கர் செய்யும். ஆனால் எந்த ஊரிலும், எந்த மரத்தடியிலும், ஊதித் துடைத்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். எம்.பி.எஃப்.ஐ. அரிதாகவே நிற்கும், நின்றால் உணர்கருவி எது கெட்டதென்று சொல்ல இன்னொரு கருவி வேண்டும். ஆண்டுதோறும் பழுதின் எண்ணிக்கை மட்டுமா மாறுகிறது? பழுதின் இயல்பே மாறுகிறது.

அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் நுகர்வோர் அமைப்பு, தன் சந்தாதாரர்களிடம் ஆண்டுதோறும் கேட்டறிந்து, ஒவ்வொரு காருக்கும் மாடல் ஆண்டு வாரியாக, உறுப்பு வாரியாக அட்டவணை வெளியிடுகிறது. எங்கள் ஊரில் அண்ணாச்சியின் நினைவு செய்யும் வேலையை அங்கே அச்சு செய்கிறது. அங்கே 'மாடல் ஆண்டு' என்பதே தனிக் கணக்கு. 2012 மாடல் என்பது 2011-இன் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடக்கூடும். ஹோண்டா சிவிக் நற்பெயர் பெற்ற வண்டி. அதிலும் 2006 முதல் 2008 வரையிலான 1.8 லிட்டர் வண்டிகளில் எஞ்சின் வார்ப்பில் விரிசல் விட்டுக் கூலன்ட் கசியும் குறை இருந்தது. நிறுவனமே அந்தக் குறைக்கான உத்தரவாதத்தை நீட்டித்தது. அந்த நீட்டிப்பு 2009 மாடலில் எல்லா வண்டிகளுக்கும் பொருந்தவில்லை. தொடக்கத்தில் தயாரான சிலவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. அதாவது, ஒரே ஆண்டுக்குள்ளும் எங்கோ ஒரு வரிசை எண்ணில் ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு இப்பால் ஒரு வண்டி, அப்பால் வேறொரு வண்டி. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

ஏன் இப்படி? காரணம் விந்தையானதன்று. புதிய மாடலின் முதலாண்டில் எல்லாமே புதிது. அச்சுகள் புதியவை, உறுப்பு செய்து தருபவர்கள் புதியவர்கள், பொருத்தும் தொழிலாளியின் கைக்கும் வேலை புதிது. சோதனைக்கென்று சில நூறு வண்டிகளை எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தாலும், பல்லாயிரம் பேர் பல்லாயிரம் விதமாக ஓட்டும்போதுதான் சில குறைகள் வெளிப்படும். எங்கள் கத்திரி வெயிலில் பாளை பேருந்து நிலைய நெரிசலுக்குள் அரைமணி நேரம் நின்று ஊர்வதை எந்தச் சோதனைக் களம் முழுமையாக நடித்துக் காட்டும்? புகார் வருகிறது, உறுப்பு திருந்துகிறது, மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் வண்டி பக்குவப்படுகிறது. பிறகு விற்பனை தளர, முகப்பை மாற்றி, புதிய கியர் பெட்டி அல்லது புதிய மின்னணுத் திரை சேர்த்து மெருகேற்றுகிறார்கள். சேர்த்தது எதுவோ அதற்கு அதுவே முதலாண்டு.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பன்று, வெட்கம். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். அதன் இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் அவர் மேலும் ஏடுகளைத் தேடினார், ஒப்பிட்டார், தம்மையே திருத்திக்கொண்டார். முதற்பதிப்பின் பெருமை அதனால் குறைந்துவிடாது. அது இல்லாமல் இரண்டாவது இல்லை. ஆனால் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும் மாணவர் எந்தப் பதிப்பு என்று குறிக்காவிட்டால் நான் தாளைத் திருப்பிக் கொடுப்பேன். ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்தால் எழுதி முடித்த ஆண்டைத் தரும் இறுதிக் குறிப்பை முதலில் தேடச் சொல்வேன். எங்கள் பக்கத்து ஏடுகளில் அது பெரும்பாலும் கொல்லம் ஆண்டாக இருக்கும். வகுப்பில் இருபது ஆண்டுகளாக அண்ணாச்சியின் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சந்தைக்கு வந்தபோது அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு வேறுபாடு உண்டு. நல்ல பதிப்பாசிரியர் தாம் திருத்தியதை முன்னுரையில் சொல்லிவிடுவார். காரில் பெரும்பாலான திருத்தங்களுக்கு முன்னுரை கிடையாது. உதிரிபாகக் கடையில் அந்தக் கூட்டின் புதிய வடிவத்தை வாங்கியபோது கவனித்தேன்: பழைய உறுப்பின் எண்ணும் புதிய உறுப்பின் எண்ணும் ஒன்றே, கடைசி எழுத்து மட்டும் வேறு. அந்த ஓர் எழுத்துதான் முன்னுரை. அதைப் படிக்கத் தெரிந்தவர் வேப்ப மரத்தடியில் இருந்தார்.

காருக்கும் இறுதிக் குறிப்பு உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்த நாளைத்தான் நாம் பார்க்கிறோம். தயாரிப்பு மாதமும் ஆண்டும் தனியே குறிக்கப்பட்டிருக்கும். டிசம்பரில் தயாராகி அடுத்த ஆண்டில் பதிவான வண்டிகள் ஏராளம். சேஸிஸ் எண் 17 இலக்கங்கள் கொண்டது. அமெரிக்க விதிப்படி அதில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சுட்டும். இப்போது இன்னொரு கோடும் விழுந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பங்குகளில் பரவலாகிவிட்ட நிலையில், அதைத் தாங்கும் குழாய்களும் ரப்பர் வளையங்களும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உரியவை. அதற்கு முந்தைய வண்டியை வாங்குகிறவர் கையேட்டைத் திறந்து எவ்வளவு கலப்பைத் தாங்கும் என்று பார்ப்பது நல்லது.

ஆண்டே எல்லாம் என்று சொல்ல வரவில்லை. முதலாண்டு வண்டியைக் குறையறிந்து பேணி இருபதாண்டு ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். பக்குவப்பட்ட ஆண்டின் வண்டியை எண்ணெய் மாற்றாமல் ஓட்டிக் கொன்றவர்களும் இருக்கிறார்கள். அட்டவணை கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. நம் வாசலில் நிற்பதோ ஒற்றை வண்டி. எனினும் ஒரு பெயரை நம்பி ஏமாந்தேன் என்று சொல்வதற்கு முன், அந்தப் பெயருக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

புதிய கூடு பொருத்திய மறுவாரம் கோவில்பட்டிக்குப் போனேன். அத்தான் திண்ணையில் இருந்தார். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. "அத்தான், உங்க வண்டியக் கொஞ்சம் திறங்க" என்றேன். இரண்டு பானெட்டுகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். கழற்றிய பிளாஸ்டிக் கூட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதைக் கையில் வாங்கி வெயிலில் பிடித்து, விரிசலை நகத்தால் நெருடிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை.

"இந்தச் சாமான் என்ன வெல மாப்ளே?"

"எண்ணூறு ரூவா, அத்தான்."

"எண்ணூறு ரூவா" என்று ஒருமுறை தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "மாப்ள வந்திருக்கான், எல போடு" என்று அக்காவிடம் சொன்னார்.

அப்பா 2019 வரை இருந்தார். அந்த மூன்றாண்டுகளில் இரண்டு வண்டிகளிலும் மாறி மாறி ஏறினார். யார் வண்டி நல்ல வண்டி என்று எங்களைச் சீண்டுவதும் அவருக்கு ஒரு பொழுதுபோக்காயிற்று. என் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தபோது, மறுபதிவு செய்து ஓர் இளைஞருக்கு விற்றேன். அவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டார், மைலேஜ் கேட்டார், டயரை அழுத்திப் பார்த்தார். பணத்தை எண்ணிக் கொடுக்கும் வரை காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. பிறகு நானாகவே அந்தப் பழைய பிளாஸ்டிக் கூட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்து, "இது முதலாண்டு வண்டி தம்பி" என்று தொடங்கினேன்.